பாடகர் பெயர் இல்லை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, வஞ்சிரக் குழம்போடு சாப்பாடும் ஆன பிறகு, ரெபேக்காள் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாள். பெட்டி என்றால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கானவி என்று கம்பெனிப் பெயர். மகன் கிருபாகரன் படூரில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆனதற்கு, அம்மா பாட்டுக் கேட்கட்டும் என்று வாங்கி வந்தது. பாட்டு மட்டுமில்லை, நாம் பேசினால் அதைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தான். பிடிக்கிறதா பார்ப்போம் என்று அவள் சமையல்கட்டில் நின்றபடி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். நாற்பத்தெட்டு விநாடி பேசினாள். முன்னறையில் அவள் புருஷன் ஏசுதாஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் அவள் என்னவோ கேட்டாள். அவர் "உம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு, பாலை அடுப்பில் வைத்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து, சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. வயது ஐம்பத்திரண்டு. அது 2009 ஆகஸ்ட்.

முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் அந்தப் பெட்டி ஏசுதாஸின் கண்ணில் பட்டது. அதன் ஒயரைக் காதில் மாட்டி, அழுத்தினார். ரெபேக்காள் பேசினாள்.

"ஹலோ. ஹலோ. இது எடுக்குதா இன்னானு தெரில. செவப்பு லைட்டு எரிஞ்சிகினு கீது. தோ, நானு ரெபேக்காள் பேசறேன். இன்னா பேசறது. ஏங்க..."

அந்த இடத்தில், சரியாக இருபதாவது விநாடியில், வேறொரு பெண் குரல் வந்து அமர்ந்தது. சுத்தமான, ஒரு மடிப்புக் கலையாத குரல். 'மதிப்பிற்குரிய பயனாளரே, இந்தப் பாடலுக்குப் பாடகர் பெயர் இல்லை. தயவுசெய்து பாடகர் பெயரை உள்ளிடவும். தங்கள் இசை அனுபவம் இனிதாகட்டும். நன்றி' என்றது. இதைச் சொல்லி முடிக்க அதற்குப் பதினோரு விநாடி ஆனது. அது பேசும்போது மற்ற சத்தமெல்லாம் மரியாதையாக அடங்கிவிடும்படி கம்பெனி அமைத்திருந்தது. அது நன்றி சொல்லி விலகியதும், தூரத்தில் ஓர் ஆண் குரல் "உம்" என்றது. பிறகு ரெபேக்காள், "ஊம்கொட்டிட்டாரு, அவ்ளோதான். இத்த எப்டி நிறுத்தறது" என்றாள். முடிந்தது.

ஏசுதாஸ் அன்று அதை ஒன்பது முறை கேட்டார். ஒன்பது முறையும் அவர் "உம்" என்றார். எதற்கு உம் சொன்னோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் மனைவி கடைசியாகக் கேட்டுக்கொண்ட ஒன்றை, என்னவென்று தெரியாமலே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கிருபாகரன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். இது ஒரு மேட்டரே இல்லை நைனா, பேரு போட்டுட்டா அந்தப் பொம்பள வாய மூடிக்கும் என்று உட்கார்ந்தான். பெயரை நாமாக எழுத முடியாது. கம்பெனி பதிவு செய்து வைத்திருந்த ஆயிரத்து நூற்று நாற்பது பாடகர்களின் பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ரெபேக்காள் இல்லை. யாரோ ஒரு பாடகியின் பெயரை அழுத்திப் பார்த்தான். 'மதிப்பிற்குரிய பயனாளரே, இவர் இந்தப் பாடலைப் பாடியதாகப் பதிவு இல்லை' என்று அதே குரல் சொன்னது. சரியென்று கம்ப்யூட்டரில் மாற்றப் பார்த்தான். திருட்டைத் தடுப்பதற்காகப் பூட்டு போட்டிருந்தார்கள். அந்தப் பெட்டியில் பேசியது அந்தப் பெட்டியில்தான் கேட்கும். செல்போனை அதன் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்ததில், மதிப்பிற்குரிய பயனாளரும் சேர்ந்து பதிவானார்.

"கம்பெனிக்காரங்களயே கேட்டுடு நைனா," என்றான். "நான் போன் போட்டுத் தரேன்."

போனில் அதே பெண்தான் எடுத்தாள். புகார் எதைப் பற்றியது என்று எண்ணை அழுத்தச் சொன்னாள். தேவையற்ற குரல் அறிவிப்புகளுக்கு நான்கு. ஏசுதாஸ் நான்கை அழுத்தினார். குரல் அறிவிப்புகளால் வாடிக்கையாளருக்கு ஏற்படும் பன்னிரண்டு நன்மைகளை அவள் வரிசையாக எடுத்துச் சொன்னாள். மீண்டும் கேட்க நான்கை அழுத்தச் சொன்னாள்.

ஆகவே அவர் பஸ் ஏறினார். திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல். செங்கல்பட்டில் ஒரு நகைக்கடையின் மாடியில் இருந்தது கம்பெனியின் கிளை. அதைச் சர்வீஸ் சென்டர் என்று யாரும் சொல்லக் கூடாதாம். 'கானவி வாடிக்கையாளர் மகிழ்வகம்' என்று பலகை. உள்ளே நுழைந்தவுடன், மகிழ்ச்சிக்கு வரிசையில் வரவும் என்று இன்னொரு பலகை.

முகப்பு மேசையில் இருந்த பெண், "வணக்கம், சொல்லுங்க சார்" என்றதும் ஏசுதாஸ் ஓரடி பின்வாங்கினார். ரெபேக்காளின் மேல் வந்து அமர்ந்த அதே குரல். அவள் பெயர் ஜாக்குலின், திருப்போரூரிலிருந்து வந்துபோகிற பெண். அவர் முகம் மாறியதை வைத்தே அவளுக்கு விளங்கிவிட்டது.

"என் குரல்தான் சார் அது," என்று தணிந்து சொன்னாள். "இண்டர்வியூக்கு வந்தப்போ ரூம்ல உக்கார வச்சி ஒரு பேப்பரக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. வேலைக்கு டெஸ்ட்டுன்னு நெனச்சிக்கினு படிச்சேன். எங்க வூட்ல கூட அந்தப் பெட்டிய வாங்கல."

அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். இருபத்து மூன்று கட்டங்கள்.

இங்கே ஏசுதாஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து, கேட்ட இடத்தில் கைநாட்டு வைத்து, எதற்கு வைத்தோம் என்று தெரியாமலே செத்துப்போனவர். ஏசுதாஸ் படித்தார். அணு ஆராய்ச்சி ஆபீசில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தார். ஒரு போல்ட் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அவர் கையால் எழுதியாக வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பெரிய சயின்டிஸ்டுகளே அவருக்குப் பயந்து கட்டங்களை நிரப்பியிருக்கிறார்கள்.

பத்தொன்பதாவது கட்டத்தில், 'கருவியில் உள்ள பிற பொருட்கள் (இருந்தால்)' என்று இருந்தது. அங்கே எல்லோரும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்கள் என்று ஜாக்குலின் சொல்லத்தான் செய்தாள். கோடு போட அவருக்கு மனம் வரவில்லை. இருக்கிறதை இல்லை என்று எப்படி எழுதுவது. அழகான கையெழுத்தில், 'ரெபேக்காள் குரல் — 1 எண், நல்ல நிலையில்' என்று எழுதினார்.

ஜாக்குலின் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தாள். பிறகு முத்திரை குத்தி, பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

கோடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஏசுதாஸ் பின்னாளில் பலமுறை யோசித்தார். யாரும் எதையும் கவனித்திருக்க மாட்டார்கள். பெட்டியைத் துடைத்து, பழுதில்லை என்று திருப்பித் தந்திருப்பார்கள். ஆனால் எழுதியாகிவிட்டது. எழுதப்பட்ட ஒன்றைப் பற்றி அலுவலகம் என்ற ஒன்று சும்மா இருக்க முடியாது.

பத்து நாளில் மகிழ்வக மேலாளர் ரவிச்சந்திரன் கூப்பிட்டு அனுப்பினார். நாற்பது வயசு, கழுத்தில் டை, மேசையில் ஒரு சின்ன நீரூற்று. அவர் காதிலும் ஒரு கானவி இருந்தது.

"உக்காருங்க. எங்க பாலிசி ரொம்ப சிம்பிள் சார். வாடிக்கையாளர்தான் ராஜா. ராஜா என்ன பண்ணுவார்? அனுபவிப்பார். கேள்வி கேக்கறது மந்திரி வேலை. நீங்க எங்களோட ராஜா, ஆனா கேள்வி கேட்டிருக்கீங்க. பரவால்ல. அதையும் நாங்க மகிழ்ச்சியாத்தான் எடுத்துக்கறோம்."

ஏசுதாஸ் தனக்கு வேண்டியது அந்தப் பதினோரு விநாடி மட்டும்தான் என்றார். அந்த அம்மாள் பேசாமல் இருந்தால் போதும்.

அது முடியாது என்றார் ரவிச்சந்திரன். குரல் என்பது கம்பெனியின் முகம். ஊமையாக ஒரு கம்பெனியை யாராவது மதிப்பார்களா?

உங்கள் காதில் இருக்கிறதிலும் இப்படிக் குறுக்கே பேசுமா சார் என்று ஏசுதாஸ் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சேச்சே, இதுல அத ஆஃப் பண்ணிட்டோம்," என்றார் ரவிச்சந்திரன். "ஸ்டாஃபுக்கு மட்டும். நாள் பூரா அதைக் கேட்டுட்டு மனுஷன் வேலை பார்க்க முடியுமா?"

பிறகு பிரச்சினைக்கு வந்தார். புகார் என்பது குரல் அறிவிப்பு தொந்தரவு என்றிருந்தால் பன்னிரண்டு நன்மைகளைச் சொல்லி அனுப்பியிருப்பார்களாம். ஆனால் பத்தொன்பதாம் கட்டத்தில் வாடிக்கையாளரே, உள்ளே இன்னொரு குரல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு கருவியில் ஒரே நேரத்தில் இரண்டு குரல் ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் பதிவு பெற்ற குரலே நீடிக்கும் என்பது விதி. பயப்பட வேண்டாம், ரெபேக்காளையும் பாடகராகப் பதிவு செய்துவிட்டால் தீர்ந்தது. விண்ணப்பம், இரண்டு போட்டோ, ஒரு பல்லவி, ஒரு சரணம். பாடகர் நேரில் வர வேண்டும்.

"அவங்க தவறிட்டாங்க சார்."

ரவிச்சந்திரன் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தார். உட்கார்ந்து, வருகை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

இறப்புச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. அது கிடைத்தது என்று தபாலில் நன்றிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்திலேயே, பாடகர் கீழ்க்கண்ட மூன்று தேதிகளில் ஒன்றில் வரலாம், வர இயலாவிட்டால் அதற்கான காரணத்தைப் பாடகரே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்றும் இருந்தது. ஏசுதாஸ் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தார். தாசில்தார் ஆபீசில் சொத்து என்ன என்று கேட்டார்கள். நாற்பத்தெட்டு விநாடி என்று அவர் சொன்னதைக் கிளார்க் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, கடைசியில் பரிதாபப்பட்டு எழுதிக் கொடுத்தார்.

அதையும் எடுத்துக்கொண்டு போனபோது புதிதாக ஒரு சிக்கல் முளைத்திருந்தது. பதிவின் தேதியைப் பரிசோதனையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2000, ஜனவரி 1 என்று வந்திருக்கிறது. பெட்டியில் கடிகாரத்தைத் திருப்பி வைக்காவிட்டால் அது அந்தத் தேதியையே பிடித்துக்கொண்டு நிற்குமாம். கிருபாகரன் திருப்பி வைக்கவில்லை. ஆனால் ரவிச்சந்திரன் அதைக் கடிகாரத்தின் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கம்பெனி கடிகாரம் தப்பா காட்டாது. இந்தக் கருவி தயாரானது 2008. அதாவது கருவி பிறக்கறதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே உங்க மனைவி அதுக்குள்ள பேசியிருக்காங்க. நான் சந்தேகப்படல சார். எப்படின்னு மட்டும் எழுதிக் குடுங்க."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், இல்லை சட்டையைப் பிடித்திருப்பார்கள். ஏசுதாஸ் ஸ்டோர்ஸ்காரர். ஆர்டர் போட்ட தேதிக்கு முன்னால் சரக்கு வந்து சேர்ந்தால் அது எவ்வளவு பெரிய தப்பு என்பது அவருக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது அரை மணி நேரம் அவருக்கே ரெபேக்காளின் மேல் ஒரு சந்தேகம் வந்தது.

கிருபாகரனுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "பேஜாரு புடிச்சவனுங்க. ஒண்ணும் புடுங்க வேணாம், அப்டியே குடுங்கடானு வாங்கிக்கினு வா நைனா. அந்தப் பொம்பள குரலோடயே கேட்டுக்கலாம்."

அது ஏசுதாஸுக்கும் சரியென்று பட்டது. போய்க் கேட்டார். பதினோரு விநாடி போகட்டும், மீதி முப்பத்தேழு இருந்தால் போதும் என்றார். ரவிச்சந்திரன் உண்மையாகவே வருத்தப்பட்டார். புகாருக்கு வேலை அட்டை திறந்தாகிவிட்டது. திறந்த அட்டையை மூட வேண்டுமானால் புகார் தீர்ந்திருக்க வேண்டும். தீராத புகாரோடு ஒரு கருவியை வெளியே விட்டால் கிளையின் மகிழ்ச்சி மதிப்பெண் குறையும். ஒரு தடவை கேட்கவாவது விடுங்கள் என்றார் ஏசுதாஸ். பரிசோதனை அறைக்குள் வாடிக்கையாளர் வரக் கூடாது, அவருடைய பாதுகாப்புக்காக.

அன்று ஏசுதாஸ் படியில் இறங்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜாக்குலின் எழுந்து வந்து நாற்காலி போட்டாள். தன் குரலை அவர் எதிரில் எடுப்பதை அவள் கூடியவரை தவிர்த்து வந்தாள்.

பிப்ரவரியில் ஒரு தங்க நிற அழைப்பிதழ் வந்தது. மாமல்லபுரத்தில் கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் மகிழ்ச்சி வார நிறைவு விழா. தங்கள் புகார் தீர்ந்தது. அது எங்கள் ஆயிரமாவது தீர்வு. தங்களைக் கௌரவிப்பதில் பெருமை கொள்கிறோம். ஏசுதாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ரெபேக்காள் அவருடைய ரிட்டையர்மெண்டுக்கு எடுத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போனார். பஸ் முழுக்க அவர் மனதில் ஒரே கணக்கு, இன்னும் ஒரு மணி நேரத்தில் அவள் என்ன கேட்டாள் என்று தெரிந்துவிடும்.

இருநூறு விற்பனையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் 'ஆயிரமாவது புன்னகை' என்று எழுதியிருந்தது. புன்னகை என்பது தான்தான் என்று ஏசுதாஸுக்கு மேடை ஏறிய பிறகுதான் புரிந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். ரவிச்சந்திரன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பெரியவர் ஏழு தடவை நம்ம படி ஏறினார். ஏழு தடவையும் நாம அவரை வெறுங்கையோட அனுப்பல, ஒரு படிவத்தோட அனுப்பினோம். அவரோட கருவில ரெண்டு குரல் மோதிக்கிட்டு இருந்தது. குடும்பத்துலயே ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா நிம்மதி இருக்குமா? ஆறு பேர் கமிட்டி, அஞ்சு மாசம். யாரும் அந்தப் பதிவைக் கேட்டு நேரத்தை வீணாக்கல. விதியை மட்டும் பார்த்தோம். இன்னிக்கு அந்த மோதல் இல்லை. கேளுங்க."

பெட்டியை ஒலிபெருக்கியில் செருகினார். கடல் சத்தத்துக்கு மேல் அந்தச் சுத்தமான குரல் எழுந்தது. 'மதிப்பிற்குரிய பயனாளரே, வணக்கம். இந்தக் கருவியில் பாடல் எதுவும் இல்லை. தங்கள் இசை அனுபவம் இனிதாகட்டும். நன்றி.'

இருநூறு பேரும் கை தட்டினார்கள்.

ரவிச்சந்திரன் பெட்டியை அவர் கையில் வைத்து, மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டி, "இப்ப திருப்தியா சார்?" என்று கேட்டார். ஏசுதாஸ் கூட்டத்தைப் பார்த்தார். வாயில் வந்தது "உம்" ஒன்றுதான். மறுபடியும் கை தட்டினார்கள். புகார் தீர்ந்ததற்கான கையெழுத்தை மேடையிலேயே வாங்கிக்கொண்டார்கள். அவர் கையெழுத்து அன்றும் அழகாகத்தான் இருந்தது.

அவர் பொன்னாடையோடு நடந்து ரோட்டுக்கு வந்து, சங்குமாலைக் கடைகளைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்தில் நின்றார். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். ஜாக்குலின். விழாவுக்குக் கட்டியிருந்த பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது.

"அங்கிள், ஒரு நிமிஷம். டெஸ்ட் டேபிள்ல செருகினா என் குரல் வராது. ஸ்டாஃபுக்கு வராத மாதிரிதான் வச்சிகிறாங்க. அழிக்கறதுக்கு மொத நாள் நான் கேட்டேன். தப்புதான். முழுசா கேட்டேன். காப்பி எடுக்க முடியல, எழுதி வச்சிகினேன்."

அவள் கைப்பையிலிருந்து ஒரு டோக்கன் சீட்டை எடுத்தாள். அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. அவரிடம் நீட்டப் போனவள், அவர் கண்ணாடியைத் தேடுவதைப் பார்த்துத் தானே படித்தாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேருக்குக் குறுக்கே பேசியிருந்த அந்தக் குரலுக்கு மெதுவாகப் படிக்கத் தெரியவில்லை. பழக்கத்தில் ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாக, தனித்தனியாக வந்தது.

"'ஏங்க, பின்கதவு தாப்பா சரியா வுழ மாட்டுது. நானும் எத்தினி நாளா சொல்லிகினு கீறேன். ஆசாரிய இட்டாந்து ஒருவாட்டி காட்டுங்க.' அவ்ளோதான் அங்கிள். அதுக்குத்தான் நீங்க..."

ஏசுதாஸ் தலையாட்டினார். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உன் மேல ஒண்ணும் இல்லம்மா" என்றார். பஸ் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்குப் போனார். கதவின் அடியில் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. ஆறு மாசமாகத் தினமும் காலால் அதைத் தள்ளிக் கதவைத் திறந்து, திரும்பக் காலாலேயே இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. செங்கல்லை எடுத்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். கொண்டி ஓட்டைக்கு ஒரு விரற்கடை மேலே போய் முட்டியது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

ஆசாரி சுப்பிரமணியின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பத்து நிமிஷ வேலை என்று அவரே ஒருமுறை ரோட்டில் பார்த்தபோது சொன்னார். வரட்டுமா என்றும் கேட்டார். ஏசுதாஸ் சட்டைப் பையில் இருந்த சீட்டைத் தொட்டுக்கொண்டு, பிறகு சொல்கிறேன் என்றார். தாழ்ப்பாள் இன்னும் விழுவதில்லை.